விற்பனைக்கு மூன்று பூட்டு

ஊரில் பாதிக் கட்டிடங்களின் லிஃப்ட்டைப் பழுது பார்த்தவரின் சொந்த வீட்டில் இருந்தது செங்குத்தான ஒரு படிக்கட்டு. மெக்கானிக்குக்கு இதில் எந்த முரணும் தெரிந்ததில்லை. "வீட்டுக்குள்ள எவனாவது லிஃப்ட் வைப்பானா? அப்புறம் லீவு நாள்லயும் நான்தான் கிரீஸ் போடணும்" என்பார். முட்டிகள் இரண்டும் தேய்ந்துபோகும் வரை அது நல்ல பதிலாகத்தான் இருந்தது.

வேலையை விட்டுப் பல வருடம் ஆன பிறகும் தெருவில் அவர் பெயர் மெக்கானிக்தான். ஒல்லியான, நிமிர்ந்த ஆள். சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போடாமல் வாசலுக்குக்கூட வர மாட்டார். முன்கோபி என்று அவரைச் சொன்னவர்கள் சரியாகப் பழகாதவர்கள். அவருக்குக் கோபம் மெதுவாகத்தான் வரும், வந்தது போகாது. அவருடைய மனைவி ஒருவர்தான் அவரிடம் எதிர்த்துப் பேசி ஜெயித்தவர். அவரும் வாதாடி ஜெயிக்கவில்லை. பாதிப் பேச்சில் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். கேட்க ஆள் இல்லாத வாதத்தைத் தொடர மெக்கானிக்குக்குத் தெரியாது.

தொழிலில் அவர் மதித்தது ஒரே ஒரு விதியை. லிஃப்ட்டின் குழிக்குள் இறங்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் பல துளைகள் உள்ள ஒரு இரும்புக் கொண்டியை மாட்டுவார்கள். வேலைக்கு இறங்கும் ஒவ்வொருவரும் அதில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனை பேர் இறங்கினார்களோ அத்தனை பூட்டும் கழன்றால்தான் சுவிட்ச் அசையும். ஒருவன் பூட்டை இன்னொருவன் தொடக் கூடாது.

ஒரு முறை, துணிக்கடைக் கட்டிடம் ஒன்றில் வேலையை முடித்துவிட்டு, ஞாபகப் பிசகாகப் பூட்டைக் கழற்றாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். கடையின் மேனேஜர் வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

"சாவியை மட்டும் கொடுங்க சார். நான் கழட்டிக்கிறேன்."

"பூட்டுனவன்தான் கழட்டணும். நான் குழிக்குள்ள இல்லன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதான் என் முன்னாடி நிக்கிறீங்களே சார்."

"அது உனக்குத் தெரியும். பூட்டுக்குத் தெரியாதே."

இதைச் சொல்லிவிட்டு, சட்டை மாற்றி, டீ குடித்துவிட்டு, அவரே போய்க் கழற்றினார். ஓய்வு பெற்ற அன்று எல்லாக் கருவிகளையும் கம்பெனியிடம் ஒப்படைத்தவர் அந்தச் சிவப்புப் பூட்டை மட்டும் கொண்டுவந்துவிட்டார். அதன் வளையத்தில் தொங்கிய தகர அட்டையும் கூடவே வந்தது. 'ஆள் வேலை செய்கிறார். தொடாதே.' வெளியே போகும்போது படிக்கட்டுக் கதவுக்கு அதைத்தான் போடுவார்.

மனைவி இறந்ததும், தான் போன பிறகு பிள்ளைகள் வீட்டுக்காக அடித்துக்கொள்ளக் கூடாது என்ற எண்ணம் வந்தது. வக்கீலம்மா ஒருவரிடம் போனார். வீட்டை மகன், மகள் இருவர் பெயருக்கும் எழுதி, தன் உயிர் உள்ள மட்டும் அதை வைத்து அனுபவிக்கும் உரிமையைத் தனக்கு நிறுத்திக்கொண்டு ஒரு பத்திரம் தயாரானது. இனி அவர் மட்டும் நினைத்தாலும் வீட்டை விற்க முடியாது, பிள்ளைகள் மட்டும் நினைத்தாலும் முடியாது என்று வக்கீலம்மா விளக்கினார்.

"புரிஞ்சுது. மூணு பூட்டு" என்றார் மெக்கானிக்.

"ஆமா, அப்படியும் சொல்லலாம். ஆனா அனுபவ உரிமைன்னு வரும்போது..."

"மூணு பூட்டும்மா. இதைவிடத் தெளிவா சொல்ல முடியாது" என்று எழுந்துவிட்டார். தன் தொழில் சட்டம் வரைக்கும் போயிருப்பதில் அவருக்கு ஏகப்பட்ட திருப்தி. மிச்ச வாக்கியம் வக்கீலம்மாவிடமே தங்கிவிட்டது.

ஏற்பாடு பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். அவர் செத்த பிறகு நடக்க வேண்டிய சண்டை முன்கூட்டியே தொடங்கிவிட்டது.

வீட்டின் கீழ்த்தளம் ஒரே பெரிய கூடம். தெருப்பக்கம் ஷட்டர், பின்னால் ஒரு குளியலறை, படிக்கட்டின் அடியிலிருந்து உள்ளே வர ஒரு கதவு. வேலையை விட்டதும் அங்கே ஒரு பட்டறை போடலாம் என்று கட்டினார். போடவில்லை. மெத்தை வியாபாரம் ஆரம்பித்த மகன், "கொஞ்ச நாளைக்கு சரக்கு வச்சுக்கிறேம்ப்பா" என்றான். கொஞ்ச நாள் வருடக்கணக்கானது. கூடம் நிரம்பியது, குளியலறையில் தலையணைகள் ஏறின, அதுவும் போதாமல் மெத்தைகள் படிக்கட்டின் ஓரத்தில் சாய்ந்துகொண்டன. மகன் குடியிருந்தது ஆறாவது மாடியில், இரண்டு லிஃப்ட் உள்ள கட்டிடத்தில். ஒன்று நின்றால் இன்னொன்று.

முட்டி போனதும் மெக்கானிக் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார். "வீட்டை வித்துடலாம். என் பங்குக்குத் தரையோட தரையா சின்னதா ஒண்ணு வாங்கிக்கிறேன். மிச்சம் உங்களுக்கு. இன்னும் ஒரு வருஷம் இந்தப் படியில ஏறுனா, அப்புறம் நான் மேலதான். இறங்க மாட்டேன்."

மகன் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டான். "அம்மா வாழ்ந்த வீடுப்பா இது. எப்படி மனசு வருது?"

"அம்மா வாழ்ந்தது மாடில. கீழ உன் மெத்தைதான் வாழுது."

"சரி, படிதானே கஷ்டம்? ஓரத்துல மெத்தைதானேப்பா அடுக்கியிருக்கேன். விழுந்தாக்கூட அடிபடாது."

மகள் இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருந்தாள். எந்த வயதுக்காரர் இன்னும் எத்தனை காலம் இருப்பார் என்று சொல்லும் பட்டியல் அவளுக்கு மனப்பாடம். அண்ணனைப் போல நடிக்கத் தெரியாதவள், அதனால் இன்னும் ஆபத்தானவள்.

"விக்கலாம்ப்பா. ஆனா வித்தா உங்க பங்கு என்னன்னு பாக்கணும். நீங்க இன்னும் எவ்வளவு காலம் இருப்பீங்களோ, அதுக்குத் தக்கபடிதான் உங்களுக்கு வரும்."

"எங்க அப்பா தொண்ணூறு தாண்டினாரு."

"அப்ப என்ன அவசரம்? நிதானமா விக்கலாமே."

"படி ஏற முடியலம்மா எனக்கு."

"அப்ப பங்கு குறையும்ப்பா. முட்டி போனா நடை போகும், நடை போனா நெஞ்சு போகும். நான் சொல்லல, டேபிள் சொல்லுது. ஆயுசு கெட்டின்னா படி ஏறுங்க. படி ஏற முடியலன்னா ஆயுசைப் பத்திப் பேசாதீங்க. ரெண்டையும் சேத்துக் கேட்டா எப்படி?"

மெக்கானிக் ரொம்ப நேரம் யோசித்தார். அவள் சொன்னதில் ஓட்டை எதுவும் கிடைக்கவில்லை. அதுதான் அவரை அதிகம் எரிச்சலாக்கியது. இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்றுதான்: விற்றால் மூன்று பங்கு, காத்திருந்தால் இரண்டு. ஆனால் வீட்டுக்கு மூன்று பூட்டு என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டவரே அவர். அடுத்தவன் பூட்டில் கை வைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

வாங்குவதற்கு ஆள் மட்டும் கிடைத்தது. ஒரு பல் டாக்டர். கீழே கிளினிக், மேலே குடித்தனம் என்று கணக்குப் போட்டிருந்தார். பார்க்க வந்த அன்று மகன் முந்திக்கொண்டான்.

"நல்ல வீடுதான் டாக்டர். மழை வந்தா மட்டும் இந்தச் சுவர் ஊறும்."

"ஊறாது" என்றது மாடியிலிருந்து ஒரு குரல். "போன வருஷம்தான் பூசினேன்."

"அப்பாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது டாக்டர். ஊறுனது தெரியல."

"டாக்டர் சட்டையில கழுத்துப் பட்டன் இல்ல. அது இங்கிருந்தே தெரியுது."

டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மகன் அடுத்து வடிகாலைப் பற்றிச் சொன்னான்; பக்கத்து வீட்டுக்காரரின் குணத்தைப் பற்றிச் சொன்னான்; கரையான் என்ற வார்த்தையைச் சாதாரணமாக இரண்டு முறை போட்டுவைத்தான். தன் பெயரில் உள்ள சொத்தை இவ்வளவு அக்கறையாகக் கெடுத்துப் பேசும் உரிமையாளரை டாக்டர் அதுவரை பார்த்ததில்லை.

பொறுக்க முடியாமல் மெக்கானிக் இறங்கி வரத் தொடங்கினார். பாதிப் படியில் சாய்த்து வைத்திருந்த இரட்டை மெத்தை ஒன்று நழுவி அவர் மேல் சாய்ந்தது. அடி படவில்லை. மகன் சொன்னது அந்த மட்டில் சரி. ஆனால் எழவும் முடியவில்லை. டாக்டர் எட்டிப் பார்த்தபோது தெரிந்தது, மெத்தைக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பளபளப்பான இரண்டு ஷூக்கள்தான்.

மெத்தையை ஒதுக்கிவிட்டு மகனும் டாக்டரும் அவரைத் தூக்கினார்கள்.

"அந்த ஓரத்தைப் பிடிங்க டாக்டர்" என்றான் மகன். "மடங்காமப் பாத்துக்குங்க. ஆங், அப்படியே மேல."

லாரியில் சரக்கு ஏற்றும் ஆட்களிடம் அவன் பேசும் அதே வார்த்தைகள், அதே குரல். மகனுக்கு அது தெரிந்திருக்காது. மெக்கானிக்குக்குத் தெரிந்தது. மாடியில் தன் நாற்காலியில் இறக்கி வைக்கப்பட்ட பிறகு அவர் டாக்டருக்கு மட்டும் நன்றி சொன்னார்.

"உங்களுக்குள்ள பேசி ஒரு முடிவுக்கு வந்துட்டுச் சொல்லுங்க" என்று டாக்டர் கிளம்பினார். வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர், அந்த வீட்டில் அதற்கு அவசியமே இல்லை என்று கண்டுகொண்டிருப்பார்.

அதன் பிறகு மெக்கானிக் கீழே இறங்கவில்லை. ஜன்னலில் ஒரு கப்பியை மாட்டி, கயிற்றில் வாளியைக் கட்டிவிட்டார். பாலும் காய்கறியும் மாத்திரையும் அதில் ஏறின. கடைசியில் அந்த வீட்டுக்கும் ஒரு லிஃப்ட் வந்தது, வாளி அளவுக்கு. கீழே கடைக்காரரிடம், "ஓவர்லோட் பண்ணாதீங்க" என்று தவறாமல் சொல்வார். மகள் போனில் கேட்டாள், "நடக்குறீங்களாப்பா?" இல்லை என்றார். "ம்" என்றாள். அந்த 'ம்'மில் ஒரு கூட்டலோ கழித்தலோ நடந்தது அவருக்குக் கேட்டது.

அந்த 'ம்'தான் அவரைக் கிளப்பியது. மறுநாள் காலை நல்ல பேன்ட்டைப் போட்டுக்கொண்டு, படியில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நழுவி இறங்கினார். ஒரு பெரிய மனுஷன் செய்யக்கூடிய காரியம் இல்லை. யாரும் பார்க்காததால் செய்தார். படிக்கட்டுக் கதவில் சிவப்புப் பூட்டைப் போட்டுவிட்டு, வாடகைக் கார் பிடித்து வக்கீலம்மாவின் ஆபீசுக்குப் போனார்.

ஆபீஸ் நாலாவது மாடியில். லிஃப்ட் பழுது. சுவிட்சில் கொண்டி, கொண்டியில் இரண்டு பூட்டு. மெக்கானிக் அதை நின்று பார்த்தார்; பையன்கள் ஒழுங்காகத்தான் போட்டிருந்தார்கள். வாட்ச்மேனின் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு மேலே ஆள் அனுப்பினார். வக்கீலம்மாவே இறங்கி வந்தார். அவருக்கும் வயதாகியிருந்தது, ஆனால் முட்டி நன்றாக இருந்தது.

"பிள்ளைங்க கையெழுத்துப் போட மாட்டேங்கிறாங்க. ஏதாவது வழி இருக்கா?" என்று கேட்டார்.

"விக்கிறதுக்கு வழி இல்ல. அவங்க போட்டாத்தான் உண்டு."

"தெரியும். மூணு பூட்டு."

"கீழ்வீடு காலியாத்தானே இருக்கணும்? அங்க இருந்துக்கலாமே நீங்க."

"மெத்தை இருக்கு. பையனோடது."

"எதுக்கு வச்சிருக்கார்?"

"அவன் பங்குதானே."

வக்கீலம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அவர் பங்குன்னு யார் சொன்னது?"

"நீங்கதான். மூணு பேருக்கும்..."

"மூணு பேர் சேரணும்னு நான் சொன்னது விக்கிறதுக்கு. குடியிருக்க, பூட்ட, வாடகைக்கு விட, யாரை உள்ள விடலாம் யாரை விடக் கூடாதுன்னு சொல்ல, உங்க உயிர் இருக்கிற வரைக்கும் நீங்க ஒருத்தர்தான். முழு வீடும். படி, ஷட்டர், குளியலறை எல்லாம் சேத்துத்தான். அவங்க உரிமை நீங்க போன பிறகுதான் கண்ணு முழிக்கும். அதுவரைக்கும் உங்க பையன் அங்க வச்சிருக்கிறது, நீங்க பாவம் பாத்து விட்டிருக்கிறது."

மெக்கானிக் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதை ஏம்மா அன்னிக்கே சொல்லல?"

"சொல்லத்தான் ஆரம்பிச்சேன். 'மூணு பூட்டு'ன்னுட்டு எழுந்து போயிட்டீங்க."

அவர் சுவிட்சைப் பார்த்தார். இத்தனை காலமும் குழிக்குள் யாருமே இல்லாத ஒரு லிஃப்ட்டின் முன்னால், அடுத்தவன் பூட்டுக்கு மரியாதை கொடுத்துக்கொண்டு படியேறியிருக்கிறார். தொழிலில் இப்படி ஒருவன் செய்திருந்தால் தெருத்தெருவாகச் சொல்லிச் சிரித்திருப்பார்.

"முறையா ஒரு நோட்டீஸ் அனுப்பிடலாம்" என்றார் வக்கீலம்மா.

"அனுப்புங்க. மெதுவா அனுப்புங்க."

வீட்டுக்கு வந்து அவர் செய்ததை வக்கீலம்மா சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார். படிக்கட்டுக் கதவிலிருந்து சிவப்புப் பூட்டைக் கழற்றி, தெருப்பக்கம் போய், ஷட்டரில் மகனின் பூட்டுக்குப் பக்கத்தில் மாட்டினார். தகர அட்டை தெருவைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். பிறகு படிக்கட்டுக் கதவு வழியாக உள்ளே வந்து அதைத் தாழ் போட்டுவிட்டு, படி ஏறாமல், அடியில் இருந்த கதவைத் தள்ளிக் கூடத்துக்குள் நுழைந்தார். இருப்பதிலேயே விலை உயர்ந்த மெத்தையைத் தேடிக் கீழே இழுத்துப் போட்டார். மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைக் கிழித்தார். ஷூவைக் கழற்றாமல் படுத்தார்.

மறுநாள் மகன் லாரியோடு வந்தான்.

"உள்ள யாரு?"

"ஆள் வேலை செய்யுறாரு."

"அப்பா, ஹாஸ்டலுக்கு லோடு போகணும். லாரி நிக்குது."

"நிக்கட்டும். காத்திருக்கிறது உனக்குப் பழகின வேலைதானே."

மகனுக்கு அது உடனே புரிந்ததா என்று தெரியாது. ஷட்டரை ஒரு முறை ஆட்டிப் பார்த்தான். "பூட்டை உடைச்சிருவேன்" என்றான்.

"உடை. ஊரைக் கூட்டி உடை. யாரு வீடுன்னு அப்பக் கேப்பாங்க. தெரியலன்னா தங்கச்சிகிட்டக் கேட்டுச் சொல்லு. அவகிட்ட டேபிள் இருக்கு."

டிரைவர் சிரித்துவிட்டான். மகன் அவனைத் திட்டினான். பிறகு தங்கைக்குப் போன் செய்தான்.

சாயங்காலம் மகள் வந்தாள். அவளுக்காக மெக்கானிக் படிக்கட்டுக் கதவைத் திறந்தார்; மகனும் பின்னாலேயே நுழைந்தான். மெத்தைகளுக்கு நடுவே, மெத்தை மேல் அமர்ந்திருந்த அப்பாவை அவள் சுற்றிப் பார்த்தாள். தரை, ஷட்டர், நாலு எட்டில் குளியலறை. படி கிடையாது. அவள் உதடு லேசாக அசைந்தது. முட்டிக்கு வேலை இல்லை, விழ இடமில்லை, கோபத்துக்குக் குறைவில்லை. மெக்கானிக் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயுசு நீள நீள, பட்டியலில் அவர் ஒவ்வொரு வரியாக இறங்கி வருவது அங்கே தெரிந்தது.

"மாடியை என்ன பண்ணப் போறீங்க?" என்றாள்.

"வாடகைக்கு விடலாம்னு இருக்கேன். வாடகை எனக்குத்தானாம். வக்கீலம்மா சொன்னாங்க."

அண்ணனும் தங்கையும் வாசலுக்குப் போய்க் கிசுகிசுத்துவிட்டு வந்தார்கள். மகன்தான் பேசினான். "அப்பா, யோசிச்சுப் பாத்தா நீங்க சொன்னதுதான் சரின்னு படுது. அந்தப் பல் டாக்டரையே கூப்பிடலாம். நாங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுறோம்."

"அம்மா வாழ்ந்த வீடுன்னியே."

"உங்க கஷ்டத்தைவிடவாப்பா?"

"நல்லது" என்றார் மெக்கானிக். "அப்ப ரெண்டு பூட்டு கழண்டுருச்சு."

"உங்களது?"

"அது இருக்கட்டும். ஆள் இன்னும் உள்ளதானே இருக்கேன்."

வருடக்கணக்காக வீட்டை விற்கத் தவித்த மனிதர் விற்க மாட்டேன் என்றதும், விற்கவே கூடாது என்றிருந்த இருவரும் நாள்தோறும் வந்து கெஞ்சியதும் தெருவுக்கு ஒன்றும் புரியவில்லை. பல் டாக்டர் வேறு தெருவில் இடம் பார்த்துக்கொண்டார்.

ஒரு ஏற்பாடு ஆனது. அதைச் சமாதானம் என்று யாரும் சொல்லவில்லை. கூடம் மெக்கானிக்குக்கு, மாடி மகனின் சரக்குக்கு, வாடகை பேசி. கூலி ஆட்கள் அந்தப் படியைப் பார்த்துவிட்டு அதிகம் கேட்டதால் மகனே பாதி மெத்தையைச் சுமந்தான். திருப்பத்தில் ஒவ்வொன்றும் சிக்கியது. "மடங்காமப் பாத்துக்க" என்று கீழேயிருந்து குரல் வரும். ஜன்னல் வாளியில் தலையணைகள் ஏறின.

மாடிச் சுவரில் மனைவியின் படம் ஒன்று மாட்டியிருந்தது. அதை எடுத்துத் தரச் சொன்னார் மெக்கானிக். மகன் மூச்சு வாங்க, படியில் நின்றபடி சொன்னான், "அது அம்மா வாழ்ந்த இடம்ப்பா. அங்கேயே இருக்கட்டும்."

அவர் ஏறிப் போய் எடுக்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும். அவர் மறுபடி கேட்கவில்லை. மெத்தை வாடகையை மட்டும் அடுத்த மாதம் கொஞ்சம் ஏற்றினார்.

மகள் வருவதை நிறுத்திவிட்டாள். போன் மட்டும் தவறுவதில்லை.

"எப்படிப்பா இருக்கீங்க?"

மெக்கானிக் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். சட்டை உள்ளே, பெல்ட் இடுப்பில். உடனே பதில் சொல்ல மாட்டார். அவள் காத்திருக்கிறாள் என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் சொல்வார்.

"நல்லா இருக்கேம்மா. ரொம்ப நல்லா இருக்கேன்."